சூப்பர்வார்ம் தவிர வேறெதையும் தொடாத பச்சோந்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெயில்ட் வகைப் பச்சோந்தி, ஆண், வயது ஏறக்குறைய 15 மாதம். ஏமனையும் அதை ஒட்டிய சவூதி அரேபியப் பகுதிகளையும் பூர்வீகமாகக் கொண்ட வகை இது. வளர்ப்பவர்கள் ஒரு அப்பாவும் கல்லூரியில் படிக்கும் மகளும். ஆசைப்பட்டு வாங்கியவர் மகள். கூண்டு, விளக்கு, தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. இரை போடுவது மட்டும் போகப் போக அப்பாவின் வேலையாகிவிட்டது.

நான்கு மாதக் குட்டியாக வந்தபோது சுவர்க்கோழிகளைத் துரத்தித் துரத்தித் தின்றது என்று மகள் சொன்னார். ஒன்பதாவது மாதத்தில் வீட்டில் வைத்திருந்த சுவர்க்கோழிகள் மொத்தமாகச் செத்துப்போயின. அவசரத்துக்கு ஒரு டப்பா சூப்பர்வார்ம், அதாவது இரைக்காக விற்கும் ஒரு வகை வண்டின் பெரிய புழு, வாங்கினார்கள். இடுக்கியில் பிடித்து நீட்டினால் ஒரு சாண் தூரத்திலிருந்தே நாக்கை வீசி எடுத்தது. அப்பாவுக்கு அது பெரிய சந்தோஷம். தினமும் வேலை முடிந்து வந்ததும் எட்டு, பத்து புழு. இப்படியே ஆறு மாதம் ஓடியது.

இடையில் இரண்டு முறை சுவர்க்கோழியும் ஒரு முறை டூபியா கரப்பானும் கொண்டுவந்து பார்த்தார்கள். பச்சோந்தி பார்த்துவிட்டு இலைக்குப் பின்னால் போய்விட்டது. "இதுக்கு இதுதான் பிடிச்சிருக்கு, விட்டுடும்மா" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மகளுக்கு மனம் ஒப்பவில்லை. என்னை அழைத்தவர் அவர்தான்.

அவர் கவலைப்பட்டது சரி. சூப்பர்வார்மின் எடையில் சுமார் 18 சதவீதம் கொழுப்பு. சுவர்க்கோழியில் 6, 7 சதவீதம்தான். கால்சியத்தைப் பார்த்தால் இரண்டுமே மோசம். இரண்டிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதனால்தான் இரைமேல் கால்சியப் பொடி தூவச் சொல்கிறோம். ஒரே இரையை மாதக்கணக்கில் கொடுத்தால் அந்த ஒரு இரையின் குறைகள் எல்லாம் பச்சோந்தியின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். எலும்பு வளைந்த பிறகுதான் பல வீடுகளில் இதைக் கவனிக்கிறார்கள்.

முதல் நாள் பார்த்தவை

பகல் பதினொரு மணிக்குப் போனேன். கூண்டைத் திறக்காமல் அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கண்கள் முழுதாகத் திறந்து, தனித்தனியாகச் சுழன்றன. கிளையைப் பிடித்த பிடி உறுதியாக இருந்தது. கால்கள் நேராக இருந்தாலும் கொஞ்சம் தடித்திருந்தன. எடை 152 கிராம்.

கீழே கிடந்த எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (சிறுநீருக்குப் பதிலாக வெளியேறும் கெட்டிக் கழிவு) பாதிக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. தண்ணீர் போதவில்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளிகளைத்தான் நக்கும். இவர்கள் நாளுக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம்கூட இல்லாமல் தண்ணீர் தெளித்துவந்தார்கள்.

வெப்ப விளக்கின் கீழே வெயில் காயும் கிளையின் மேல் வெப்பமானியை வைத்தால் 37 டிகிரி செல்சியஸ் காட்டியது. இந்த வகைக்கு அங்கே 29 முதல் 32 வரை இருந்தால் போதும். யூவிபி எனும் புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு, பச்சோந்தி வந்த நாளிலிருந்து மாற்றப்படவே இல்லை. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும், அதன் புற ஊதாக் கதிர் தேய்ந்துபோனது தெரியாது. கூண்டின் ஒரு பக்கம் கண்ணாடி. மாலையில் அதில் தன் உருவத்தையே பார்த்து வாயைப் பிளந்து சீறுவதாக மகள் சொன்னார். இரைக் கிண்ணம் கூண்டின் தரையில் இருந்தது.

அடுத்து இரை. நான் கொண்டுபோன சுவர்க்கோழி ஒன்றை, அவர்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரியே கொடுக்கச் சொன்னேன். அப்பா அதைப் பொடி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார். மாவில் புரட்டிய மாதிரி முழு வெள்ளையாக வெளியே வந்தது. பச்சோந்தி ஒரு கண்ணால் பார்த்தது, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு இலைக்குப் பின்னால் நகர்ந்தது.

கால் மணி நேரம் கழித்து, பொடி இல்லாத சுவர்க்கோழி ஒன்றை மேல் கிளையில் விட்டேன். இந்தத் தடவை இரண்டு கண்களும் முன்னால் திரும்பி அதன்மேல் குத்திட்டு நின்றன. உடம்பு முன்னால் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து நாக்கின் நுனி தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. வீசவில்லை.

கடைசியாக ஒரு சூப்பர்வார்ம். கண் இமைப்பதற்குள் எடுத்துவிட்டது. அந்தப் புழுவில் பொடி இல்லை. வழுவழுப்பான தோலில் ஒட்டாததால், ஆறு மாதமாகச் சூப்பர்வார்முக்குப் பொடியே போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த மூன்று சோதனைகளும் எனக்கு நிறையச் சொல்லின. குறி வைத்து, வாயைத் திறந்து, நாக்கை வீச முடியாமல் நிற்கும் பச்சோந்தி நோயாளியாக இருக்கலாம். கால்சியக் குறைவில் நாக்குத் தசை தளர்ந்துபோவது உண்டு. பிடிவாதம் என்று அதைப் பட்டினி போட்டால் கொன்றுவிடுவோம். இது சூப்பர்வார்மை முழு வேகத்தில் அடித்ததால் நாக்கு நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியானது. பொடியில்லாத சுவர்க்கோழியை அது பார்த்த பார்வையில் ஆர்வமும் இருந்தது. இல்லாதது பசி.

மருத்துவர் சொன்னது

மூன்றாம் நாள் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் எலும்புகள் கெடவில்லை. எச்சத்தில் கவலைப்படும் அளவுக்குக் குடற்புழு இல்லை. எடை அதிகம், நீர்ச்சத்துக் குறைவு, இவ்வளவுதான். எடை மெதுவாகக் குறையட்டும், ஆனால் ஒரு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 137 கிராமுக்குக் கீழே போனால், செய்வதை நிறுத்திவிட்டுத் திரும்ப வாருங்கள் என்றார். கண்ணைப் பகலில் மூடினாலோ பிடி தளர்ந்தாலோ எடையைப் பார்க்காமலே வரச் சொன்னார்.

இந்த எல்லைக்கோடு இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு, அதாவது பழைய இரையை நிறுத்திப் பசிக்க விடுவதற்கு, போயிருக்க மாட்டேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது உடல் தேறிய, கொழுத்த, வளர்ந்த ஆணுக்காக எடுத்த முடிவு. குட்டிகளுக்கு இது பொருந்தாது. பெண் பச்சோந்தி சாப்பிடாமல் நின்றால் முதலில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகையில் ஆணோடு சேராத பெண்ணும் முட்டை வைக்கும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் இரண்டு வாரம் புதிய இரை எதையும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். சூடும் தாகமும் தன் உருவமே எதிரியாக நிற்கும் கண்ணாடியும் இருக்கும் இடத்தில் எந்தப் பிராணியும் புதிதாக ஒன்றைத் தின்று பார்க்காது. வெப்ப விளக்கை உயர்த்திக் கிளையின் வெப்பத்தை 30 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். யூவிபி குழலை மாற்றினோம். கண்ணாடிப் பக்கத்தை வெளியிலிருந்து மறைத்தோம். விளக்கு எரியத் தொடங்கும்போதும் அணைவதற்கு முன்பும் நீண்ட நேர நீர்த்தூவல், பகலில் இலைமேல் விழும் ஒரு சொட்டுக் குழாய். கிண்ணத்தை மேல் பகுதிக்குக் கொண்டுபோய், கிளையிலிருந்து நாக்கு எட்டும் தூரத்தில் கட்டினோம்.

அதே இரண்டு வாரத்தில் சூப்பர்வார்மை ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு என்று குறைத்தோம். வளர்ந்த ஆணுக்கு அவ்வளவு போதும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்வது ஆய்வுக்கு நல்லதல்ல என்று தெரிந்தும் செய்தோம். அந்த எடையோடு இன்னும் இரண்டு வாரம் கொழுக்க விடுவதில் மருத்துவருக்குச் சம்மதமில்லை.

பதினைந்தாம் நாளிலிருந்து சூப்பர்வார்மை நிறுத்திப் புதிய இரை. காலையில் விளக்கு எரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, உடம்பு சூடேறிய பிறகு, இரண்டு மூன்று சுவர்க்கோழிகளை மேல் கிளைகளில் விடுவது. பொடியை ஒரு சிட்டிகை மட்டும், பூச்சியின் நிறம் தெரியும்படி தூவுவது. மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுவது, ஏனென்றால் பசித்த சுவர்க்கோழி தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிகளுக்குக் கேரட், பூசணி, கரும்பச்சை இலைகள் போடுவது. பூச்சியின் வயிற்றில் இருப்பதும் பச்சோந்திக்குப் போகும் உணவுதானே.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒத்துவரவில்லை. எத்தனை நாள் பட்டினி தாங்கலாம்? எடை குறையாதவரை ஒரு வாரம் வரை பொறுக்கலாம் என்றேன் நான். அப்பாவால் அதை ஏற்க முடியவில்லை. நான்கு நாள் சாப்பிடாவிட்டால் இரண்டு சூப்பர்வார்ம் கொடுப்பது என்று சமரசம் ஆனது. அது என் தவறு. பின்னால் வருகிறேன்.

முதல் நான்கு வாரம்

பத்தாம் நாளிலேயே யூரேட் பெரும்பாலும் வெள்ளையாகிவிட்டது. மாலைச் சீற்றம் நின்றது. பதினான்காம் நாள் எடை 149.

பதினைந்து, பதினேழாம் நாள்களில் சுவர்க்கோழியைப் பார்த்தது, சாய்ந்தது, எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒப்புக்கொண்டபடி இரண்டு சூப்பர்வார்ம். இருபத்தொன்று, இருபத்து மூன்று, மறுபடி அதே கதை. ஆனால் எடை 151 ஆகியிருந்தது. எச்சமும் தண்ணீரும் ஒன்றிரண்டு கிராம் ஏற்றி இறக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். மகள்தான் எச்சத்தைக் கிளறிப் பார்த்து அதில் சூப்பர்வார்மின் கெட்டியான தலை ஓடுகள் நிறைய இருப்பதைக் காட்டினார். நாங்கள் கொடுத்தது இரண்டு. தலை ஓடுகள் ஆறு.

அப்பா மறைக்கவில்லை. "ராத்திரி வந்து பார்த்தா என்னையே பார்க்குது தம்பி. மனசு கேக்கல" என்றார். விளக்கு அணைவதற்கு முன் இரண்டு இரண்டாகக் கொடுத்திருக்கிறார். மகள் கோபப்படவில்லை. "அப்பா, அது உங்களைப் பார்க்கலை, உங்க கையிலிருக்கிற இடுக்கியைப் பார்க்குது" என்றுமட்டும் சொன்னார்.

இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. சாப்பிடாத பிராணியைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது கண்டிப்பு அல்ல, வேறொரு வேலை. அன்றிலிருந்து எடை பார்ப்பதை அவரிடம் கொடுத்தோம். காலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கிளையோடு எடைக் கருவியில் வைத்துக் கிளையின் எடையைக் கழித்து நோட்டில் எழுதுவார். பச்சோந்தி சாப்பிடாத நாளிலும் எடை பெரிதாகச் சரியாமல் நிற்பதைத் தன் கையாலேயே எழுதியபோதுதான் அவர் பயம் குறைந்தது. நான் பத்து முறை விளக்கியும் நடக்காதது அது. நான்கு நாள் விதியையும் அவரே எடுத்துவிடச் சொன்னார்.

ஈக்கள்

பதினைந்தாம் நாளில் சுவர்க்கோழியோடு பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள் கொஞ்சம் கிண்ணத்தில் போட்டிருந்தோம். இரைப் பூச்சிகளில் இதற்குக் கால்சியம் மிக அதிகம். பொடி தூவாமலே கொடுக்கலாம். பச்சோந்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கறுத்து, அசைவு நின்று, கூட்டுப்புழுவாகிவிட்டன. தூக்கிப் போடலாம் என்றார் மகள். காற்றோட்டமான ஒரு டப்பாவில் போட்டுக் கூண்டுக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.

இருபத்தேழாம் நாள் காலையில் மூன்று ஈக்கள் வெளிவந்து, வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறி, வலையில் உட்கார்ந்து உட்கார்ந்து பறந்தன. அப்பா அலைபேசியில் கூப்பிட்டபோது குரல் நடுங்கியது. மூன்றையும் எடுத்துவிட்டது. ஒன்றை எடுக்க, ஒரு வாரமாகப் போகாத மூலைக்குக் கிளை மாறிப் போயிருக்கிறது.

ஆறு மாதமாக இந்தப் பிராணிக்கு இரை என்றால் இடுக்கி நுனியில் நெளியும் ஒன்று. தேடவும் வேண்டாம், குறி பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். பறந்து நின்று பறக்கும் ஈ அதன் வேட்டையைத் தட்டி எழுப்பியது என்றுதான் நினைக்கிறேன். பசியும் அதற்குள் சேர்ந்திருந்தது. முந்தைய நான்கு நாள் நிஜமாகவே எதுவும் உள்ளே போகவில்லை. இரண்டில் எது பெரிய காரணம் என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஈ கடிக்காது, வீட்டு ஈபோல உணவில் மொய்க்காது. ஒன்றிரண்டு வீட்டுக்குள் தப்பினாலும் தொல்லை இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் இரண்டு ஈக்களோடு இரண்டு சுவர்க்கோழிகளையும் விட்டார்கள். ஈக்களை முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஒரு சுவர்க்கோழியை எடுத்தது. எடை அன்று 145.

அதற்குப் பின்

அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பட்டுப்புழு இரண்டாவது முயற்சியிலேயே போனது. கிண்ணத்தில் அசையாமல் கிடந்தபோது எடுக்கவில்லை, மல்பெரி இலையில் வைத்துக் கிளையில் செருகியதும் எடுத்தது. ஹார்ன்வார்மை முதல் பார்வையிலேயே அடித்தது. பச்சையாக, பெரிதாக, மெதுவாக நகரும் புழு அது. அதைப் பிடிக்காத பச்சோந்தியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். இரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்ததில் சுவர்க்கோழியை மறுபடி முறைக்க ஆரம்பித்தது. ஒரு பிடிவாதத்தை எடுத்து இன்னொன்றை வைக்கப் பார்த்தோம். வாரத்துக்கு ஒன்று என்று குறைத்ததும் சரியானது.

டூபியா கரப்பான் மட்டும் இன்றுவரை சண்டைதான். கிண்ணத்தில் போட்டால் அசைவில்லாமல் பதுங்கிவிடும். அசையாத இரை பச்சோந்திக்கு இரையே அல்ல. சிறகு முளைத்த ஆண் கரப்பானைக் கிளையில் விட்டபோது மூன்று முறை எடுத்திருக்கிறது. சிறகில்லாதவற்றை ஒரு தடவையும் தொடவில்லை. வேறு இரைகள் போதுமான அளவு போகும்போது இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

செம்பருத்தி இலையை ஓரத்தில் கடிப்பதும் அந்த மாதங்களில்தான் தொடங்கியது. வெயில்ட் வகை இலை தின்னும். செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளியே பிடித்த பூச்சிகளைக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். பூச்சிமருந்து பட்டதா என்று தெரியாது. மின்மினியில் சில வகைகள் ஒன்றே ஒன்று போனாலும் பல்லி இனங்களைக் கொன்றுவிடும்.

மூன்றாம் மாத முடிவில் எடை 140. யூரேட் வெள்ளை. மருத்துவர் மறுபடி பார்த்து, கால்களில் இருந்த தடிப்பு குறைந்திருக்கிறது என்றார். சூப்பர்வார்ம் வாரத்துக்கு இரண்டாகத் திரும்ப வந்தது, மற்ற இரை போன பிறகு மட்டும்.

மறுபடி செய்தால் மாற்றுவது

எடை பார்க்கும் வேலையை முதல் நாளே அப்பாவிடம் கொடுத்திருப்பேன். பிராணிக்கு என்ன தேவை என்று யோசித்த அளவுக்கு, அதைத் தினமும் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு என்ன தேவை என்று நான் யோசிக்கவில்லை. அதில் பத்து நாள் போனது.

நான்கு நாள் விதியை ஏற்றிருக்க மாட்டேன். பசி வந்து புதிய இரையை எடுக்கப்போகும் நேரத்தில் பழைய இரையைக் கொடுத்து, அதுவரை பொறுத்ததை வீணாக்கியது அந்த விதி. எடை எல்லைக்கோடு இருக்கும்போது நாள் கணக்கு தேவையே இல்லை.

பொடியை முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். பச்சோந்தி எதையோ தின்னவில்லை என்று இப்போது யார் அழைத்தாலும், பூச்சியைப் பொடியோடு ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

ஈயை முதல் வாரத்திலேயே தயார் செய்திருப்பேன். அது எங்கள் திட்டத்திலேயே இல்லை. புழுவைத் தின்னாததால் கிடைத்தது. இன்று இந்த வீட்டில் புழுக்களில் பாதியை வேண்டுமென்றே ஈயாக விடுகிறார்கள்.

ஆறாம் மாதம் நான் கடைசியாகப் போனபோது நோட்டில் எடை 139 என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் ஐந்து வகை இரையின் பெயர்கள் அப்பாவின் கையெழுத்தில். டூபியாவுக்கு எதிரே "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் அடுத்து முயற்சி செய்ய வேண்டிய தேதியையும் குறித்திருந்தார்.